உயர்நிலைப் பள்ளி வகுப்பறையும் கல்வித் தேர்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் படிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் பெரும்பாலும் தேர்வு முடிவு கைக்கு வந்த பிறகே கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். அந்த முடிவைத் தீர்மானித்தவற்றில் பல, மாதக்கணக்கில் முன்பே, எந்தச் சிறப்பும் இல்லாத ஏதோ ஒரு பாடவேளையில் நடந்து முடிந்திருக்கும். ஆகவே கீழே உள்ள விடைகள் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும்போதும் வகுப்பறையை விட்டு அதிகம் விலகுவதில்லை.

வகுப்பில் நடத்தும்போது எல்லாம் புரிகிறது. தேர்வில் மட்டும் எழுத வரவில்லை. ஏன்?

வகுப்பில் புரிந்துகொள்வதும் தேர்வில் எழுதுவதும் மனம் செய்யும் இரு வேறு வேலைகள். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு நிரூபணத்தை வரிவரியாக எழுதிக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து எப்படி வந்தது என்பதை ஒப்புக்கொண்டால் போதும். அடுத்த வரி எதுவாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பு மாணவருடையதல்ல. தேர்வு அறையில் அந்தப் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுகிறது. ‘புரிந்தது’ என்ற உணர்வு பொய்யன்று. ஆனால் அதனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

இதனுடன் மறதியும் சேர்ந்துகொள்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, அவற்றை எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்பதை அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் மிக வேகமாகவும், அதன் பின் மெதுவாகவும் நிகழ்கிறது என்பது அவர் கண்ட முடிவு. பொருளுள்ள பாடம் அசைகளைவிட நன்றாக நினைவில் தங்கும் என்றாலும், முதல் நாளிலேயே பெரும்பகுதி நழுவத் தொடங்குகிறது என்பதில் மாற்றமில்லை. காலையில் நடத்திய நிரூபணத்தை அன்று மாலையே நோட்டைப் பார்க்காமல் ஒருமுறை எழுதிப் பார்க்கும் மாணவருக்கு, தாம் எந்த வரியில் தடுமாறுகிறோம் என்பது அன்றே தெரிந்துவிடும். மறுநாள் வகுப்பில் கேட்பதற்கு அவரிடம் தெளிவான ஒரு கேள்வி இருக்கும்.

ஒரே பாடத்தைப் பலமுறை வாசித்தும் மறந்துபோகிறது. வேறு எப்படிப் படிக்க வேண்டும்?

மறுபடி மறுபடி வாசிப்பதுதான் மாணவர்களிடையே மிகப் பரவலான முறை. ஆசிரியர்களும் பெற்றோரும் அதிகம் பரிந்துரைப்பதும் அதையே. அதற்கு இருக்கும் மதிப்புக்கும் அது தரும் பலனுக்கும் தொடர்பில்லை என்பது எங்கள் கருத்து. ஜான் டன்லாஸ்கியும் அவருடைய சகாக்களும் பத்துப் படிப்பு முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், மீள்வாசிப்பும் வண்ணப் பேனாவால் அடிக்கோடிடுவதும் குறைந்த பயனுடையவை என்ற வகையில் வைக்கப்பட்டன. உயர்ந்த பயனுடையவை என்று அவர்கள் குறித்தவை இரண்டே: தம்மைத் தாமே சோதித்துக்கொள்வது, படிப்பை இடைவெளி விட்டுப் பல நாட்களுக்குப் பரப்புவது.

சுயசோதனையின் வலிமையைத் தெளிவாகக் காட்டியது ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்கள் சிறிய உரைநடைப் பகுதிகளைப் படித்தார்கள். ஒரு பகுதியை மீண்டும் ஒருமுறை வாசித்தார்கள். மற்றொரு பகுதியை மூடிவைத்துவிட்டு, நினைவில் இருந்ததையெல்லாம் தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்த பகுதியே சற்று நன்றாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: எழுதிப் பார்த்த பகுதியில் ஏறத்தாழ 56 விழுக்காடும், மீண்டும் வாசித்த பகுதியில் 42 விழுக்காடும் மட்டுமே நினைவில் எஞ்சின. மீள்வாசிப்பு மாணவர்களை ஏமாற்றுவது இதனால்தான். வாசித்து முடித்த உடனே எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். அந்தத் தெளிவு ஒரு வாரம் தாங்குவதில்லை.

நடைமுறையில் இதற்குத் தேவைப்படுவது ஒரு வெற்றுத்தாள் மட்டுமே. ஒளிச்சேர்க்கை பற்றிய பாடத்தைப் படித்து முடித்த மாணவர் புத்தகத்தை மூடிவிட்டு, தாளின் நடுவில் தலைப்பை எழுதி, சுற்றிலும் நினைவில் உள்ளதை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பச்சையம், சூரிய ஒளி, கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் வரை பேனா தங்குதடையின்றி ஓடுகிறது. ஆக்சிஜன் எதிலிருந்து வெளியாகிறது, நீரிலிருந்தா கார்பன் டை ஆக்சைடிலிருந்தா என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. இப்போது புத்தகத்தைத் திறந்தால் அவர் தேட வேண்டியது ஒரே ஒரு வரி: நீரிலிருந்து. நான்காவது முறையாகப் பாடம் முழுவதையும் வாசித்திருந்தால், அந்த வரியைத் தமக்குத் தெரியாது என்பதே தெரியாமல் கடந்து போயிருப்பார்.

கணிதத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே வகைக் கணக்கை இருபது முறை தொடர்ந்து போடுவதைவிட, பல வகைக் கணக்குகளைக் கலந்து போடுவது கடினமாகத் தோன்றும். பலன் அதில்தான் அதிகம். டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கன அளவு காணும் கணக்குகளை வகைவாரியாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். கலந்து பயின்றவர்களால் 60 விழுக்காடுதான் முடிந்தது. ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் முன்னவர்கள் 20 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். பின்னவர்கள் 63 விழுக்காட்டில் இருந்தார்கள். தேர்வுத் தாளில் எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. அதைத் தாமே கண்டுபிடிக்கும் பயிற்சி கலந்து போடும்போது மட்டுமே கிடைக்கிறது.

கடைசி நேரத்தில் இரவு முழுவதும் விழித்துப் படித்தே நல்ல மதிப்பெண் வாங்குபவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். மேலே சொன்ன ஐந்து நிமிடச் சோதனையின் முடிவே அதற்கு விளக்கம்: திணித்துப் படித்தது மறுநாள் காலை வரை தாங்கும். அடுத்த ஆண்டுப் பாடம் அதன்மேல் கட்டப்படும்போது அது அங்கே இருப்பதில்லை. இயற்கணிதத்தை இப்படிக் கடந்தவர் நுண்கணிதத்தில் சிக்கும்போது, நுண்கணிதம் கடினம் என்றே நினைத்துக்கொள்வார்.

வகுப்பில் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. இதனால் தேர்ச்சி பாதிக்கப்படுமா?

கூச்சத்தினால் நேரடியாக மதிப்பெண் குறையாது. ஆனால், தவறான புரிதல் தேர்வு வரை திருத்தப்படாமலே போகும் வாய்ப்பு கூடுகிறது. இதில் மாணவரின் இயல்பை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பதிலுக்காகச் சராசரியாக ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். ஒரு விநாடி கடந்ததும் வேறொரு மாணவரை அழைக்கிறார்கள், அல்லது தாங்களே விடையைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் காத்திருப்பு மூன்று விநாடி அளவுக்கு நீண்டபோது விடைகள் நீண்டன, ‘தெரியாது’ என்ற பதில்கள் குறைந்தன, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்கினார்கள்.

மூன்று விநாடி என்பது எழுத்தில் ஒன்றுமில்லை. நாற்பது பேர் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் வகுப்பில் நின்றால்தான் அது எவ்வளவு நீளம் என்பது தெரியும். புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்கு அந்த மௌனம் தங்கள் தோல்விபோலவே தோன்றும். உண்மையில் அப்போதுதான் வகுப்பு யோசித்துக்கொண்டிருக்கிறது. கூச்சமுள்ள மாணவர் முதலில் விடையை நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம், பக்கத்தில் இருப்பவரிடம் தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்க்கலாம், அதன் பிறகு கை தூக்கலாம். பாடவேளை முடிந்ததும் ஆசிரியரைத் தனியே கேட்பதும் நல்ல வழிதான். ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்வதைவிட, ‘மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரிக்கு எப்படி வந்தோம்?’ என்று கேட்டால் இருவருக்கும் நேரம் மிச்சமாகும்.

முதல் வரிசையில் உட்கார்ந்தால் நன்றாகப் படிக்கலாமா?

பார்வையிலோ செவியிலோ சிரமம் உள்ளவர்களுக்கு அது அவசியம். மற்றவர்களைப் பொறுத்தவரை, ஆர்வமுள்ளவர்கள் தாமாகவே முன்னே போய் உட்காருவதால் முன்வரிசைக்கு அந்தப் பெயர் கிடைத்திருக்கிறது. இடங்களைச் சுழற்சி முறையில் மாற்றும் வகுப்பாசிரியர் நல்ல வேலை செய்கிறார்.

குறிப்பைக் கையால் எழுதுவது நல்லதா, கணினியில் தட்டச்சு செய்வது நல்லதா?

பாம் முல்லரும் டேனியல் ஓப்பன்ஹைமரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, கையால் எழுதியவர்கள் கருத்து சார்ந்த கேள்விகளுக்குச் சிறப்பாக விடையளித்ததாகக் காட்டியது. தட்டச்சு செய்பவர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே பதிவு செய்துவிடுகிறார்கள், கையால் எழுதுபவர்கள் வேகம் போதாததால் சுருக்க வேண்டியிருக்கிறது, சுருக்குவதற்கு யோசிக்க வேண்டியிருக்கிறது என்பது அதற்கு அவர்கள் தந்த விளக்கம். பின்னர் பிறர் செய்த மறுசோதனைகளில் இந்த வேறுபாடு அவ்வளவு வலுவாக வரவில்லை. ஆகவே கருவியைப் பற்றிச் சண்டையிடுவதில் பயனில்லை. சொன்னதைச் சொந்த வாக்கியத்தில் எழுதுகிறோமா என்பதே முக்கியம். ஆசிரியர் சொல்லச் சொல்ல வரி பிசகாமல் எழுதி நிரப்பிய நோட்டு பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பலர் நம்பும் அளவுக்கு நம்ப முடியாது. டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1912-இல் ஆங்கில விடைத்தாள்களின் படிகளைப் பல உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒரே விடைத்தாளுக்கு வந்த மதிப்பெண்கள் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டன. மொழிப்பாடத்தில் அப்படித்தான் இருக்கும், கணிதத்தில் இருக்காது என்று சிலர் சொன்னார்கள். 1913-இல் அவர்கள் ஒரு வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கு 30-க்கும் கீழே போட்டவர் உண்டு. 90-ஐத் தொட்டவரும் உண்டு. வழிமுறைக்கு மதிப்பெண் தருவதா, கடைசி விடைக்கு மட்டுமா, படம் அலங்கோலமாக இருந்தால் குறைப்பதா என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கொள்கை வைத்திருந்தார்கள். படிப்படியான மதிப்பெண் பங்கீடு, விடைக்குறிப்பு, இரண்டாவது முறை திருத்துதல் போன்ற ஏற்பாடுகள் தேவைப்படுவது இந்த வேறுபாட்டைக் குறைப்பதற்காகவே. அவை குறைக்கின்றனவே தவிர, முற்றிலும் நீக்கிவிடுவதில்லை.

திருத்துபவர் மாறாவிட்டாலும் மதிப்பெண் அசையும். படித்த பகுதியிலிருந்து கேள்வி வந்ததா, அன்று உடல்நலம் எப்படி இருந்தது, முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டு நேரம் போனதா என்பவை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆகவே 87 வாங்கியவருக்கும் 84 வாங்கியவருக்கும் இடையே அறிவில் வேறுபாடு இருக்கிறது என்று ஒரே தேர்வை வைத்துச் சொல்வது சரியாகாது. அதே மாணவர் தொடர்ந்து நான்கு தேர்வுகளில் 85-ஐ ஒட்டியே வந்தால் அந்த எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். விழுக்காடு வேறு, சதமானம் வேறு. நூற்றுக்கு 70 எடுத்தவர் 70 விழுக்காடு பெற்றவர். வினாத்தாள் மிகக் கடினமாக இருந்து பெரும்பாலோர் 50-ஐத் தாண்டாதிருந்தால், அவர் 95-ஆவது சதமானத்தில்கூட இருக்கலாம், அதாவது எழுதியவர்களில் 95 விழுக்காட்டினர் அவருக்குக் கீழே இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதிக்கொண்டு வீட்டில் நடக்கும் வாக்குவாதங்கள் ஏராளம்.

திருத்திய விடைத்தாள் கைக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

வழக்கமாக நடப்பது இதுதான்: மேலே சிவப்பு மையில் எழுதிய எண்ணைப் பார்ப்பது, பக்கத்தில் இருப்பவரின் எண்ணைப் பார்ப்பது, கூட்டலில் விட்டுப்போன அரை மதிப்பெண்ணைத் தேடுவது, தாளை மடித்துப் பைக்குள் வைப்பது. ஆண்டு முழுவதும் ஒரு மாணவருக்குக் கிடைக்கும் மிகப் பயனுள்ள கற்றல் பொருள் இப்படி மடிந்து போகிறது.

இதை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் கருத்துரை மட்டும், மற்றொரு குழுவுக்கு இரண்டும் தரப்பட்டன. கருத்துரை மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், அவர்களுடைய ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்ற குழு, மதிப்பெண் மட்டும் பெற்ற குழுவைப்போலவே நடந்துகொண்டது. எண்ணைப் பார்த்தபின் ஆசிரியர் எழுதிய வரிகளை வாசிக்க யாருக்கும் மனம் வரவில்லை என்றே தோன்றுகிறது. சில ஆசிரியர்கள் விடைத்தாளை முதலில் கருத்துரையுடன் மட்டும் தந்து, மாணவர் பிழைகளைத் திருத்திக் கொண்டுவந்த பிறகே மதிப்பெண்ணைச் சொல்கிறார்கள். முணுமுணுப்பு எழும், ஆனாலும் கைக்கொள்ளத்தக்க முறை.

மாணவர் தாமாகச் செய்யக்கூடியது: இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே காரணத்தை எழுதுவது. பாடமே தெரியவில்லையா, தெரிந்தும் நினைவுக்கு வரவில்லையா, கேள்வியைத் தவறாக வாசித்தாரா, நேரம் போதவில்லையா என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு என்பது விளங்கும். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை மட்டும் இந்தப் பட்டியலில் எளிதில் அனுமதிக்க வேண்டாம். அடைப்புக்குறிக்கு வெளியே கழித்தல் குறி இருக்கும்போது, உள்ளே உள்ள முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டுவிடுவது பலர் செய்யும் பிழை. ஒரே தாளில் அது மூன்று இடங்களில் வந்திருந்தால் அதன் பெயர் கவனக்குறைவு அல்ல. பங்கீட்டு விதி இன்னும் பிடிபடவில்லை. இனிக் கவனமாக இருப்பேன் என்ற உறுதிமொழியால் அது சரியாகாது, அதே வகையில் பத்துக் கணக்கு போட்டால் சரியாகிவிடும்.

மதிப்பெண் வாரியாகத் தரவரிசைப் பட்டியலை வகுப்பில் ஒட்டலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் நிலைப்பாடு. முதல் சில இடங்களில் இருப்பவர்களுக்கு அது ஊக்கம் தரலாம். முப்பத்திரண்டாவது இடத்தில் இருப்பவருக்கு அது எந்தத் தகவலையும் தருவதில்லை. எந்தப் பாடத்தில் எந்தப் பகுதியில் பின்தங்கியிருக்கிறார் என்று அதில் இல்லை. வகுப்பு முழுவதும் முன்னேறினாலும் யாரோ ஒருவர் கடைசியில் இருந்தே ஆக வேண்டும்.

இதையொட்டி, சிறந்த மாணவர்கள் மட்டுமே இருக்கும் பள்ளியில் சேர்ப்பது நல்லதா என்றும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களில் தொடங்கி ஆராய்ந்து எழுதிய ஒரு விளைவு இங்கே பொருந்தும்: ஒரே திறமையுள்ள இரு மாணவர்களில், சராசரி மிக உயர்ந்த பள்ளியில் படிப்பவர் தம்மைத் திறமை குறைந்தவராக எண்ணுகிறார், ஏனெனில் அவர் ஒப்பிட்டுப் பார்ப்பது தம் வகுப்பில் உள்ளவர்களோடுதான். பல நாடுகளில் இது உறுதி செய்யப்பட்டிருக்கிறது. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே முதலிடம் பெற்றவர்களின் படங்களைப் பார்ப்பதோடு, நடுவில் இருக்கும் மாணவர்களை அந்தப் பள்ளி எப்படி நடத்துகிறது என்றும் கேட்பது நல்லது.

குழுவாகச் செய்யும் வேலையில் ஒருவரே எல்லாவற்றையும் செய்கிறார். இதற்கு வழி உண்டா?

உண்டு, வேலையை அமைக்கும் விதத்தில் இருக்கிறது. 1971-இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இனப்பிரிவினை முடிவுக்கு வந்து வெவ்வேறு பின்னணி மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்தபோது, அவர்களிடையே பகை மூண்டது. உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் அங்கே ஒரு முறையை அறிமுகப்படுத்தினார்கள். பாடம் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும் தரப்படும். ஒரே துண்டைப் பெற்றவர்கள் வேறு குழுக்களிலிருந்து வந்து கூடி அதைப் பேசித் தெளிவார்கள். பிறகு தம் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குக் கற்பிப்பார்கள். தேர்வு முழுப் பாடத்திலும் நடக்கும். தன்னிடம் இல்லாத துண்டைப் பெற ஒருவர் மற்றவரை உற்றுக் கேட்டே ஆக வேண்டும். ஒரே வரைபடத் தாளை ஐந்து பேரிடம் தந்து ‘சேர்ந்து செய்யுங்கள்’ என்றால், கையெழுத்து நன்றாக உள்ளவர் எழுதுவார், மற்ற நால்வரும் வேடிக்கை பார்ப்பார்கள். அதை மாணவர்களின் சோம்பல் என்று சொல்லிப் பயனில்லை.

வீட்டுப்பாடம் உண்மையிலேயே பயன் தருகிறதா?

உயர்நிலை வகுப்புகளில் தருகிறது, அளவோடு இருந்தால். ஹாரிஸ் கூப்பரும் சகாக்களும் 2006-இல் தொகுத்த ஆய்வுகளின்படி, வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு ஏழாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிப்பவர்களிடம் வலுவாகவும் சிறு குழந்தைகளிடம் மெலிதாகவும் இருந்தது. நேரம் கூடக்கூடப் பலன் கூடிக்கொண்டே போவதில்லை. ஓர் எல்லைக்கு மேல் அது தூக்கத்தைத்தான் தின்கிறது. புத்தகத்தில் உள்ள விடையை நோட்டுக்கு மாற்றி எழுதச் சொல்லும் வீட்டுப்பாடத்தை இந்தக் கணக்கில் நாங்கள் சேர்க்கவில்லை.

பதின்ம வயதினர் இரவில் தாமதமாகத் தூங்கிக் காலையில் எழ மறுப்பது சோம்பல்தானே?

பெருமளவுக்கு உடலியல். பருவமெய்தும் காலத்தில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு இரவில் தள்ளிப்போகிறது. ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னாலும் கண் மூடாது. அந்த வயதினருக்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்று மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இல் அறிவுறுத்தியது. கலிபோர்னியா மாநிலம் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதைச் சட்டமாக்கி 2022-இல் நடைமுறைப்படுத்தியது. பள்ளி நேரத்தை மாற்றும் அதிகாரம் பெற்றோரிடம் இல்லை. ஆனால், தேர்வுக்கு முந்தைய இரவில் கூடுதலாக மூன்று மணி நேரம் படிக்க வேண்டாம் என்று சொல்வது அவர்களால் முடியும். படித்தது நினைவில் உறுதிப்படுவதில் தூக்கத்துக்குப் பங்கு உண்டு.

தேர்வு என்றாலே பதற்றம். அதைக் குறைக்க முடியுமா?

முழுவதும் ஒழிக்கத் தேவையில்லை. ஓரளவு பரபரப்பு செயல்திறனைக் கூட்டுகிறது. எல்லை மீறினால் குறைக்கிறது. கடினமான வேலைகளில் அந்த எல்லை விரைவில் வந்துவிடும். கவலை மனத்தின் தற்காலிக நினைவகத்தை அடைத்துக்கொள்வதுதான் சிக்கல். பல படிகள் கொண்ட கணக்கை மனத்தில் பிடித்து வைத்திருக்க இடம் போதாமல் போகிறது. ஜெரார்டோ ராமிரெசும் சியான் பைலாக்கும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் அச்சங்களைத் தாளில் எழுதிய மாணவர்கள், குறிப்பாக அதிகம் பதற்றப்படுபவர்கள், மேம்பட்ட மதிப்பெண் பெற்றார்கள்.

அன்றாட வகுப்பிலேயே மதிப்பெண் கணக்கில் சேராத சிறு சோதனைகள் அடிக்கடி நடந்தால், தேர்வு என்ற சூழலே பழகிவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் நடக்கும் பெரிய தேர்வுகள்தான் அதிகமாக அச்சுறுத்துகின்றன.

ஆசிரியர் ஒரு மாணவரைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் அவருடைய தேர்ச்சியை மாற்றுமா?

மாற்றும், ஆனால் கதைகளில் சொல்வதுபோல் மந்திரமாக அல்ல. ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில மாணவர்கள் விரைவில் மலரப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லப்பட்டது. கீழ் வகுப்புகளில் அந்தக் குழந்தைகள் உண்மையிலேயே அதிகம் முன்னேறினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அந்த விளைவு இருப்பதையும், சராசரியாகச் சிறியது என்பதையும் காட்டின.

சராசரி சிறியதாக இருந்தாலும் தனி ஒருவரின் வாழ்வில் அது பெரிதாகிவிடலாம். ஈரானில் பிறந்த மரியம் மிர்சாகானி நடுநிலை வகுப்பில் ஓராண்டு கணிதத்தில் சரியாகச் செய்யவில்லை. அவருக்குத் தனித்திறமை இருப்பதாக அன்றைய ஆசிரியர் கருதாதது தம் தன்னம்பிக்கையைக் குலைத்தது என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு ஊக்குவிக்கும் ஆசிரியர் வாய்த்தார், நிலைமை மாறியது. 1994-இல் சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் 42-க்கு 41, 1995-இல் முழுமையாக 42. கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-இல் பெற்ற அவரே அதைப் பெற்ற முதல் பெண்.

ஒலிம்பியாட் போன்ற போட்டிகளில் பங்கேற்பது பாடத்தைக் கெடுக்குமா?

கெடுக்காது, மாணவருக்கே விருப்பம் இருந்தால். 1959-இல் ருமேனியாவில் தொடங்கிய கணித ஒலிம்பியாடில் இரண்டு நாட்களில் ஆறே கேள்விகள். ஒவ்வொரு நாளும் நாலரை மணி நேரம். மூன்று கேள்விகளுக்கு நாலரை மணி நேரம் என்பது வகுப்புத் தேர்வின் வேகத்துக்கு நேரெதிரானது. ஒரு கேள்வியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மூன்று வழிகள் அடைபட்ட பிறகும் நான்காவதைத் தேடும் பழக்கம் அந்தப் பயிற்சியில் கிடைக்கிறது. பதக்கம் கிடைக்காதவர்களுக்கும் அது கிடைக்கிறது. சான்றிதழ் சேர்ப்பதற்காகக் கண்ட போட்டிகளிலெல்லாம் பெயர் கொடுப்பது வேறு விஷயம். அதில் நேரம்தான் வீண்.

பின்தங்கிய மாணவர் எட்டிப்பிடிக்க முடியுமா? தனிவகுப்பு அவசியமா?

முடியும். எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பத்தாம் வகுப்பு இயற்பியலில் தவிப்பவரின் சிக்கல் பல நேரங்களில் இயற்பியலில் இல்லை. பின்னங்களையோ விகிதத்தையோ கையாளத் தெரியாததில் இருக்கும். பெஞ்சமின் புளூம் 1968-இல் முன்வைத்த முறை இதை அடிப்படையாகக் கொண்டது: ஒரு பகுதியில் தேர்ச்சி பெற்ற பிறகே அடுத்ததற்குப் போவது, தவறியவர்களுக்கு வேறு விதமாக மீண்டும் கற்பித்து மீண்டும் சோதிப்பது. தனியாகக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர் வழக்கமான வகுப்பில் 98 விழுக்காட்டினரை விஞ்சினார் என்று அவர் 1984-இல் எழுதியது பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. அதன்பின் வந்த ஆய்வுகள் தனிக்கற்பித்தலின் பயனை உறுதி செய்தாலும், அந்த அளவை எட்டவில்லை. தனிவகுப்பை விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள்.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் என்ன கேட்க வேண்டும்?

‘என் பிள்ளை எப்படிப் படிக்கிறான்?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை, இன்னும் முயற்சி செய்ய வேண்டும்’ என்ற விடைதான் கிடைக்கும். வரிசையில் பின்னால் இருபது பெற்றோர் நிற்கும்போது எந்த ஆசிரியரும் வேறு எதுவும் சொல்ல மாட்டார். கடைசியாகத் திருத்திய விடைத்தாளைக் கையில் எடுத்துச் சென்று, இந்த மூன்று கேள்விகளில் மதிப்பெண் போனதற்கு ஒரே காரணமா வெவ்வேறு காரணங்களா என்று கேளுங்கள். வகுப்பில் கேள்வி கேட்கிறாரா, குழு வேலையில் என்ன பங்கு எடுக்கிறார், யாரோடு சேர்ந்து படித்தால் நன்றாகச் செய்கிறார் என்பவை ஆசிரியருக்கு மட்டுமே தெரிந்தவை, அவற்றைக் கேளுங்கள். மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள், முதலில் அவரையே பேச விடுங்கள். அடுத்த தேர்வுக்குள் சரிசெய்ய வேண்டிய ஒரே ஒரு பகுதியை மூவரும் சேர்ந்து முடிவு செய்து, அதை அந்த விடைத்தாளின் முதல் பக்கத்திலேயே தேதியோடு எழுதிக்கொண்டு வாருங்கள்.